கடைக்கு உள்ளே

புறநானூற்றின் 235ஆம் பாடலைப் பதினேழு ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலை அது. அந்த அழுகை கள்ளிலிருந்துதான் தொடங்குகிறது. கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான் என்கிறார். இந்த இடத்தை எப்போதும் வேகமாகக் கடந்துவிடுவேன். அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் பாத்திரத்தையும் புலவர்களின் நாவையும் துளைத்துப்போன இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி நிதானமாக நடத்துவேன். தேர்வில் கேட்பதும் அந்த இடத்தைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் முதலாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "மேடம், அப்போ ஔவையார் குடிப்பாங்களா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எங்கள் மாணவிகளுக்கு ஔவையார் என்றால் நெற்றி நிறைய நீறும் கையில் கோலுமாக கே.பி. சுந்தராம்பாள்தான். 1953இல் வந்த படம், அவர்கள் பிறக்கும் முன்பே பழையது, ஆனாலும் அந்த உருவம் போகவில்லை. சங்க ஔவை வேறு, ஆத்திசூடி ஔவை வேறு என்று விளக்கியிருக்கலாம். அதை முந்தைய வாரமே சொல்லியாகிவிட்டது. அவள் கேட்டதும் அதையல்ல. "அந்தக் காலத்துக் கள்ளு வேறம்மா. இப்ப மாதிரி போதைக்காகக் குடிக்கிறது இல்ல. அது ஒரு உணவு" என்றேன்.

பொய். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய 392ஆம் பாடலில், தனக்குப் பொற்கலத்தில் ஊற்றித் தரப்பட்ட தேறலைப் பற்றி இதே ஔவையே சொல்கிறார். நாட்கணக்கில் வைத்து முதிர்ந்த தேறல், தேள் கொட்டியது போன்ற கடுப்பு. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் இரவில் ஒரு மதுவை விட்டு இன்னொரு மதுவுக்கு மாறுகிறார்கள். இவையெல்லாம் நான் முனைவர் பட்டத்துக்காகப் படித்த பாடல்கள். தெரியாமல் சொல்லவில்லை. என் ஆசிரியை எனக்குச் சொன்ன பதிலை நான் அவளுக்குச் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பதிலைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் எடின்பரோ வழியாகச் சுற்றித்தான் வர முடிகிறது.

ஒரு அக்டோபரில், கவிதை மொழிபெயர்ப்புப் பட்டறைக்காக மூன்று நாட்கள் அந்த நகரத்தில் இருந்தேன். என் கவிதைகளோடு மூன்று நாளும் மல்லுக்கட்டிய ஸ்காட்லாந்துக் கவிஞர் அறுபதைத் தாண்டியவர். கடைசி மாலை, "இன்றைக்கு உன்னை ஒரு விஸ்கி பாருக்குக் கூட்டிப்போகிறேன், குடிக்க வேண்டியதில்லை, பாட்டு நன்றாக இருக்கும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய் உடை மாற்றினேன். மூன்று நாளும் கட்டியிருந்த கைத்தறிச் சேலையைக் களைந்துவிட்டுச் சுடிதார் போட்டுக்கொண்டேன். சேலையோடு பாருக்குள் நுழைய ஏதோ தடுத்தது. யாருடைய மானத்தைக் காப்பாற்றினேன் என்று இப்போதும் தெரியவில்லை. சேலையின் மானத்தையாக இருக்கும்.

கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை இறங்கும் பழைய வீதியை அங்கே ராயல் மைல் என்கிறார்கள். இருபுறமும் கரிபிடித்த கல் கட்டடங்கள், நடுநடுவே ஆள் நுழையும் அளவுக்குச் சந்துகள். அந்த வீதியில்தான் கடை. கதவைத் திறந்ததும் வெப்பமும் சத்தமும் ஒன்றாக முகத்தில் அடித்தன. சுவர் முழுக்கப் புட்டிகள். எங்கள் துறை நூலகத்தில் அத்தனை அலமாரி இல்லை. ஸ்பேசைட், ஹைலேண்ட், ஐலே என்று ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கியிருந்தார்கள், திணைவாரியாகப் பாடல்களைப் பிரிப்பது போல. மூலையில் ஒரு கிதார்க்காரர், வயலினோடு ஒரு இளம்பெண். அந்த வயலினைப் பிடில் என்கிறார்கள், வாசிப்பதும் வேறு மாதிரி, காலால் தரையைத் தட்டிக்கொண்டே. மேசைகளில் ஆணும் பெண்ணும் கலந்திருந்தார்கள். மூன்று கிழவிகள் ஒரு மேசையில் குளிர்க்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்துத்தான் நான் கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருப்பதைக் கவனித்தேன்.

உட்கார்ந்ததும் நான் செய்தது வாசலைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே யாராவது நிற்கிறார்களா என்று.

என் அம்மா வெளியே நின்றவள். ஆத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா சேகோ ஆலையில் குச்சிக்கிழங்கு அரைக்கும் பகுதியில் வேலை செய்தார். சனிக்கிழமை கூலி நாள். 1986இல் எனக்கு ஏழு வயது. பொழுது சாயும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்புவாள். பிள்ளையோடு நிற்கும் பெண்ணை யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. சாராயக்கடைக்குத் தென்னந்தடுக்கு மறைப்பு. அதிலிருந்து இருபது தப்படி தள்ளி ஒரு புளியமரம். அதற்கு மேல் அவள் போக மாட்டாள். "நீ உள்ளார போயி அப்பாவக் கூப்புடு பாப்பா" என்று என்னை அனுப்புவாள். ஏழு வயதுப் பெண் போகலாம். முப்பது வயதுப் பெண் போகக்கூடாது. எந்த வயதில் அந்தக் கோடு விழுகிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்குப் பத்து வயதானபோது அம்மா என்னை அனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

ஆக, எங்கள் வீட்டில் கடைக்கு உள்ளே பார்த்த ஒரே பெண் நான்தான். உள்ளே பார்த்ததை யாரிடமும் சொன்னதில்லை. உள்ளே அப்பா பாடிக்கொண்டிருப்பார். மண்தரையில் குந்தி, தொடையில் தாளம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு. நல்ல குரல். சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள், அடுத்த பாட்டைக் கேட்பார்கள். வீட்டில் அவர் ஒரு அடி பாடியதில்லை. என்னைப் பார்த்ததும் பாட்டு நிற்கும். அந்த முகம் மாறுவதை நின்று பார்த்திருக்கிறேன். அதன்பின் வீட்டில் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள் பல பேர் அதை அறிந்தவர்கள்தான். நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது கல்லீரல் கெட்டு இறந்தார். இடையில் அரசுகள் கடைகளை மூடின, திறந்தன, பெயரை மாற்றின. அப்பாவுக்கு எல்லா ஆட்சியிலும் கிடைத்தது.

குடிகாரனின் மகள் என்று நினைத்தபோதெல்லாம் எனக்குள் இருந்த கேள்வி அவர் ஏன் குடித்தார் என்பதல்ல. அந்தப் பாட்டு ஏன் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான். இன்பம் உள்ளே இருந்தது. அதற்கான விலையைப் புளியமரத்தடியில் நின்றவள் கொடுத்தாள்.

எடின்பரோவில் முதலில் தண்ணீர் கேட்டேன். பெரிய கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள் பரிமாறிய பெண். காசு இல்லை. மதுக்கடைகள் கேட்பவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று ஸ்காட்லாந்தில் சட்டமே இருக்கிறதாம். வெறும் தண்ணீரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை. வயலின் வாசித்த பெண் கருவியை வைத்துவிட்டுக் கேலிக் மொழியில் ஒரு பாட்டுப் பாடினாள். ஹெப்ரிடீஸ் தீவுகளில் நெய்த கம்பளித் துணியை ஈரமாக்கி, மேசையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, கைமாற்றி அடித்து இறுக்குவார்களாம். அந்த வேலைக்கான பாட்டு. ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திரும்பப் பாட வேண்டும். கடையில் இருந்தவர்கள் மேசையைத் தட்டத் தொடங்கினார்கள். மொழி புரியாமலே எனக்கு எங்கள் ஊர் நடவுப் பாட்டின் இழுப்பு கேட்டது. நானும் தட்டினேன். கோட்டைக் கழற்றாத கிழவிகள் மூவரும் எங்களைவிடப் பலமாகத் தட்டினார்கள். அந்த ஐந்து நிமிடம் நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, யாரையும் கூட்டிப்போக வரவில்லை. ஒரு பொது இடத்தில், ஒரு காரணமும் இல்லாமல், மகிழ்ச்சிக்காக மட்டும் உட்கார்ந்திருந்தேன். நாற்பது வயதைக் கடந்த எனக்கு அது முதல்முறை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன். கோயிலுக்குப் போவது வேண்டுதலோடு. கடற்கரை என்றால் பிள்ளைகளோடு. கல்லூரி கேன்டீனில்கூட அடுத்த மணிக்கு வகுப்பு இருக்கும்.

அதன்பின் விஸ்கி கேட்டேன். கவிஞர் ஐலே தீவின் லாஃப்ரோய்கை எனக்காகத் தேர்ந்தெடுத்தார். 25 மில்லி, எங்கள் வீட்டு மருந்துக் குப்பி மூடியில் இரண்டு மூடி. ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு இருந்தால்தான் அதை ஸ்காட்ச் என்று விற்கலாம். பீப்பாயின் மரத்துளைகள் வழியாக ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு சதவீதம் ஆவியாகிப் போகும், அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள் என்றார். அப்பாவின் சனிக்கிழமைக் கூலியில் ஆவியானது இரண்டு சதவீதம் அல்ல. அதை அவரிடம் சொல்லவில்லை. வாற்கோதுமையைப் புல்கரிப் புகையில் உலர்த்துவதால் அந்த விஸ்கிக்கு ஈர விறகு எரியும் வாசம் இருந்தது. அம்மாவின் மழைக்கால அடுப்பு.

பிடிக்கவில்லை என்று எழுதினால் உங்களில் சிலர் நிம்மதியாக மூச்சு விடுவீர்கள். குடித்தாளே ஒழிய ரசிக்கவில்லை, நல்லவள்தான் என்று. அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்கிறேன். எனக்குப் பிடித்தது. மெதுவாக, முழுவதும் குடித்தேன்.

கவிஞர் இரண்டு கதைகளைச் சொன்னார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டூ என்ற இடத்தில் ஹெலன் கம்மிங் என்ற பெண் உரிமம் இல்லாமல் விஸ்கி காய்ச்சினாளாம். வரி அதிகாரிகள் வந்தால் வீட்டுக்கு வெளியே சிவப்புக் கொடி கட்டி அக்கம்பக்கத்தில் காய்ச்சுபவர்களை எச்சரிப்பாளாம். நான் குடித்த லாஃப்ரோய்கையும் பிற்காலத்தில் ஒரு பெண்தான் நடத்தியிருக்கிறார். 1934இல் தட்டச்சராக வேலைக்கு வந்த பெஸ்ஸி வில்லியம்சன், 1954இல் அந்த வடிசாலைக்கே உரிமையாளரானார். கவிஞர் பெருமையாகச் சொன்னார். எனக்குச் சிவப்புக் கொடி பிடித்தது, மற்றது அவ்வளவாக ஒட்டவில்லை. டாஸ்மாக்கை ஒரு பெண் நிர்வகித்தால் புளியமரத்தடியில் நிற்பவளுக்கு என்ன மாறும்?

அப்போதுதான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். கிளாஸ்கோவின் கோவன் பகுதி, கப்பல் கட்டும் தளம். வெள்ளிக்கிழமை கூலி நாள். கூலிப் பொட்டலம் பப்புக்குப் போகும் முன் கணவனைப் பிடித்துவிட வேண்டும் என்று பெண்கள் தளத்தின் வாயிற்கதவருகே காத்து நிற்பார்களாம். அவர் அம்மாவும் நின்றிருக்கிறார். "உன் ஊர் மரம், எங்கள் ஊர் இரும்புக் கதவு" என்றார்.

அந்த நாட்டில் பெண்கள் எப்போதும் இப்படி உட்கார்ந்திருந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அபர்டீன் நகரின் யூனியன் வீதியில் தி கிரில் என்றொரு கடை, இன்று விஸ்கிக்குப் பெயர்போனது. அங்கே பெண்களுக்குப் பரிமாறுவதில்லை என்பது வழக்கம். 1973இல் ஸ்காட்லாந்துத் தொழிற்சங்க மாநாட்டுக்கு வந்த பெண்கள் கூட்டமாக உள்ளே நுழைந்து அந்த வழக்கத்தை எதிர்த்தார்கள். 1975இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. அப்படியும் லண்டனின் பத்திரிகை வீதியில் இருந்த எல் வினோ என்ற ஒயின் கடை, பெண்கள் ஆண்களைப் போல மேடையருகே நின்று குடிக்கக் கூடாது, பின்னறையில் உட்கார்ந்தால் கொண்டுவந்து தருவோம் என்றது. டெஸ் கில் என்ற வழக்கறிஞரும் அன்னா கூட் என்ற பத்திரிகையாளரும் வழக்குப் போட்டு, 1982இல் மேல்முறையீட்டில்தான் வென்றார்கள். தி கிரில்லில் பெண்களுக்கான கழிப்பறை 1998இல்தான் வந்தது என்று சொல்லிவிட்டுக் கவிஞர் சிரித்தார். உள்ளே வராதே என்று பலகை மாட்டத் தேவையில்லை. கழிப்பறை கட்டாமல் விட்டால் போதும்.

விடுதி அறைக்குத் திரும்பியபின் தூக்கம் வரவில்லை. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பத்துக் குறளிலும் பெண்கள் எங்கே என்று தேடினேன். இரண்டு இடத்தில் இருக்கிறார்கள். ஒன்றில் பெற்ற தாய்: அவள் முன்னிலையிலேயே மகனின் குடிக் களிப்பு துன்பம் தரும் என்றால் சான்றோர் முன் என்னவாகும் என்ற கேள்விக்காக அவள் முகம் வருகிறது. இன்னொன்றில் நாணமே ஒரு நல்ல பெண்ணாக உருவெடுத்து, குடிப்பவனுக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொள்கிறாள். ஒருத்தி பார்க்கிறாள், இன்னொருத்தி திரும்புகிறாள். குடிக்கும் பெண் இல்லை. குடிப்பவனின் மனைவியும் இல்லை. வள்ளுவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, அந்த அதிகாரத்தில் உள்ள கவலை உண்மையானது. ஆனால் ஒழுக்கத்தைப் பற்றிய அந்தப் பேச்சு முழுவதும் ஆணிடம் பேசும் பேச்சு. நாம் அதில் கண்ணாடி. அவன் தன் முகம் எப்படி இருக்கிறது என்று நம் முகத்தில் பார்த்துக்கொள்கிறான்.

இதிலிருந்துதான் எனக்கு அந்தக் கேள்வி பிறந்தது. மறுக்கும் வாய்ப்பே தரப்படாத ஒருத்தி ஒன்றைத் தொடாமல் இருப்பது ஒழுக்கமா? என் அம்மா குடிக்காதவள். குடிக்கலாமா வேண்டாமா என்று அவளை யாரும் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள், எனக்குச் சந்தேகமில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அது அவளுடைய சொல்லாக இருந்திருக்கும். இப்போது அது ஊர் அவளுக்குப் போர்த்திய துணி. அதை அவள் நற்பண்பு என்று புகழ்கிறவர்கள், அவளை மரத்தடியில் நிறுத்திய அதே வழக்கத்தைத்தான் புகழ்கிறார்கள்.

இந்த வழக்கம் எல்லாப் பெண்களுக்கும் ஒன்றாக இருந்ததுமில்லை. நடவு முடிந்த மாலையில் வரப்பில் உட்கார்ந்து கள் குடித்த கிழவிகளை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். சேரியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அவர்களைப் பற்றி ஊர்த்தெருவில் பேசிய பேச்சும் காதில் விழுந்திருக்கிறது. குடும்பப் பெண் என்ற சொல்லுக்குள் அவர்களுக்கு இடமில்லை. அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் அம்மா இருபது தப்படி தள்ளி நின்றாள்.

சட்டமும் சில இடங்களில் இதையே செய்திருக்கிறது. இலங்கையில் 1979இலிருந்து பெண்களுக்கு மது விற்கத் தடை. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தையே திரும்பப் பெறச் செய்தார். ஆண்கள் குடித்துவிட்டு வந்து பெண்களை அடிப்பதற்கும் பெண்களுக்கு விற்கக் கூடாது என்பதற்கும் என்ன தொடர்பு என்று யோசித்துப் பாருங்கள். 2009 ஜனவரியில் மங்களூரில் ஒரு பப்புக்குள் புகுந்து அங்கிருந்த பெண்களை அடித்து விரட்டியவர்கள் மதுவிலக்குப் போராளிகள் அல்ல. 

இவ்வளவும் எழுதிவிட்டு நான் இங்கே நிறுத்தினால் அம்மாவுக்குத் துரோகம் செய்தவளாவேன். ஏனென்றால் கடைக்கு வெளியே நின்ற பெண்கள் எப்போதும் வெறுமனே நிற்கவில்லை. 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலை நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்நின்று நடத்தினார்கள். 1992இல் நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டா கிராமத்தில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்பு மாநிலமெங்கும் பரவியது, அடுத்த ஆண்டே ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. நெடுஞ்சாலைக் கடைகளை அகற்ற உச்ச நீதிமன்றம் சொன்னபின், 2017இல் தமிழ்நாட்டில் அந்தக் கடைகள் ஊருக்குள் நகர்ந்தன. அவற்றை உடைக்கவும் மறிக்கவும் வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். இவர்களை ஒழுக்கவாதிகள் என்று ஒதுக்கும் நகரத்துப் பெண்ணியக் குரல்களை நான் கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன். எனக்கு எரிச்சலாக வரும். அவர்கள் கேட்டது கற்பை அல்ல, கூலியை. அடிபடாத இரவை.

எங்கள் ஊர்க் கடையை மூடச் சொல்லும் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனியும் போடுவேன். அந்த எடின்பரோ மாலையையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னபோது என் சக பேராசிரியை ஒருவர், "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க டீச்சர்" என்றார். குடியே தீமை என்றால் மூன்று கிழவிகள் மேசை தட்டியதும் தீமை. குடி உரிமை என்றால் அப்பாவின் சனிக்கிழமையும் உரிமை. ஒரே அளவுகோலால் இரண்டையும் அளக்கப் பார்த்தால் இப்படித்தான் முட்டும். நான் வேறு ஒன்றை அளக்கப் பார்க்கிறேன். ஒருவரின் இன்பத்துக்கு யார் காத்து நிற்கிறார்கள்? பில் எந்த வாசல் வழியாக யாரிடம் போகிறது? அந்தக் கணக்கில் என் மாலையும் தப்பாது என்பது தெரியும். விசாவும் சம்பளமும் உள்ள விரிவுரையாளர் என்பதால் கிடைத்த நாற்காலி அது. ஊரில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்துவிட்டுப் போயிருந்தேன். நான் மேசை தட்டிக்கொண்டிருந்தபோது நம் ஊரில் நடு இரவு தாண்டியிருக்கும். அவள் தன் பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கள் வீட்டில் படுத்திருந்தாள். கூடுதல் சம்பளம் கொடுத்தேன், கொடுத்துவிட்டேன் என்பதால் கணக்கு நேராகிவிட்டதா என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த நாட்டிலும் இதெல்லாம் தீர்ந்துவிடவில்லை. அங்கேயும் குடி குடும்பங்களைத் தின்கிறது. 2018இலிருந்து மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்து, மலிவுச் சரக்கைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறார்கள். விக் என்ற மீன்பிடி நகரம் வாக்கெடுப்பு நடத்தி 1922இலிருந்து இருபத்தைந்து ஆண்டுகள் மது விற்காமல் இருந்திருக்கிறது. நம் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி 1937இல் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது விக் வறண்டு பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அங்கே மக்களிடம் கேட்டுவிட்டு மூடினார்கள். இங்கே கடை திறக்கும்போதும் மூடும்போதும் மரத்தடியில் நிற்பவளை யாரும் கேட்டதில்லை.

திரும்பி வந்த பருவத்தில் 235ஆம் பாடலை மறுபடி நடத்தினேன். வேறு மாணவிகள். கள் வரும் இடத்தில் வேகத்தைக் குறைத்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நானே, "ஔவையார் குடிப்பாங்களான்னு யாரும் கேக்கலையா?" என்றேன். சிரிப்பு. கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, "குடிச்சா என்ன மேடம்?" என்றாள். அவள் குரல் அடங்கும் முன் முன்வரிசையில் இருந்த, அதிகம் பேசாத பெண், "எங்கப்பா குடிக்கிறாரு மேடம்" என்றாள். யாரிடமும் கேட்காமல், யாருக்கும் பதிலாக இல்லாமல், தலை குனிந்தபடி. வகுப்பு அமைதியாகிவிட்டது. 392ஆம் பாடலைப் பற்றிச் சொன்னேன், தேள் கடுப்பைப் பற்றியும். சில வருடங்களுக்கு முன் இந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்குத் தப்பான பதில் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. முன்வரிசைப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு ஏதோ இருந்தது. மணி அடித்தபின் அவளை மட்டும் நிற்கச் சொன்னேன். நாங்கள் பேசியது எங்களுக்குள் இருக்கட்டும்.

அம்மாவிடம் சொல்ல ஒரு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். எழுபது வயதுக்கு விரல்கள் இன்னும் வேகம். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், குடித்ததையும். அப்பா பாடியதையும் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னேன். உரிப்பதை நிறுத்தாமல் கேட்டாள். பாட்டைப் பற்றிச் சொன்னபோது மட்டும் கத்தி கொஞ்சம் நின்றது.

"எனக்குத் தெரியும் பாப்பா. வெளிய வரைக்கும் கேக்கும்" என்றாள்.

பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. குடித்ததற்குத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அந்த ஊர்க் கடைல பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"உள்ளாரயேவா?"

"உள்ளாரயேதான்."

தலையை ஆட்டிக்கொண்டாள். "ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம் நிக்கணும். எங்க போறது" என்று கிழங்கிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டு, அடுத்த கிழங்கை எடுத்தாள்.